கணக்கும் அமானத்தும்
கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும் முன் வியாபாரிகள் செய்ய வேண்டியவை



வியாபாரியின் முதல் எது என்று யாராவது கேட்டால் கல்லாப் பெட்டியிலுள்ள பணத்தையும் கிட்டங்கியிலுள்ள சரக்கையும் நாம் காட்டுவோம். இவ்விரண்டுக்கும் மேலான முதல் ஒன்று உண்டு, அதுதான் கணக்கு. சரக்கு நெருப்பில் போனாலும், கணக்கு கையில் இருந்தால் யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தெரியும். அதை வைத்துக்கொண்டு மறுபடியும் கடை திறந்துவிடலாம். கணக்கு போய்விட்டால், சரக்கு நிறைந்த கடையும் இருட்டில் நிற்கும் கடைதான்.

நம் முன்னோர்கள் கடையநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து மலாயாவுக்கு வந்து கடை வைத்த காலத்தில், சிட்டையும் பேரேடும் அவர்களுடைய உயிராக இருந்தன. அன்றாடம் நடப்பதைச் சிட்டையில் எழுதினார்கள். சிட்டையிலிருந்து பேரேட்டில் பதிந்தார்கள். பேரேட்டைக் கூட்டி ஐந்தொகை எடுத்தார்கள். ஒரே விவகாரம் இரண்டு இடங்களில் எழுதப்பட்டதால், ஒன்று பழுதானாலும் மற்றொன்றைப் பார்த்துச் சரிசெய்ய முடிந்தது.

இன்று அந்தச் சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் கடையில் ஒரு மூலையிலிருக்கும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. வேலை சுலபமாகிவிட்டது; அதே சமயம் ஆபத்தும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டது. இந்த ஆபத்து பெரிதாகும் ஒரு நாள் உண்டு. கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் என்ற அடிப்படை அமைப்பை அழித்துப் புதிதாகப் போடும் நாள்தான் அது.

இதைப் பற்றி இப்பொழுது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10 என்ற அமைப்புக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி வழங்கி வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. தனி உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என்று அந்தக் கம்பெனி அப்போது அறிவித்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் அது கிடையாது. ஆகவே மூவார் கடைவீதியிலும் சரி, வேறு ஊர்களிலும் சரி, சிலர் பழைய இயந்திரத்தில் புதிய அமைப்பைப் போடுகிறார்கள். சிலர் புதிய இயந்திரமே வாங்குகிறார்கள். "ஒரு மணி நேர வேலைதான், முதலாளி" என்று ரிப்பேர்க்காரர் சொல்லுவார். அவர் சொல்வது பொய்யல்ல. பத்து வருடக் கணக்கு அழிவதற்கும் அந்த ஒரு மணி நேரம் போதும் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது தெரியுமா? அல்-பகரா சூராவின் 282-வது வசனம். அது கடன் கணக்கை எழுதி வைப்பது பற்றியது. தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும். சாட்சிகள் இருக்க வேண்டும். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதில் சோம்பல் கூடாது என்பதே அதன் கருத்து. வியாபாரிகளாகிய நாம் இந்த வசனத்தின் நீளத்தையே ஒரு பாடமாகக் கொள்ளலாம்.

எழுதச் சொன்ன கட்டளைக்குள், எழுதியதைக் காக்கும் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. காக்கப்படாத எழுத்து எழுதாததற்குச் சமமே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வரும் செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ரிப்பேர்க்காரர் கையில் கம்ப்யூட்டரை ஒப்படைத்துவிட்டு "இன்ஷா அல்லாஹ், ஒன்றும் ஆகாது" என்று சொல்வதற்கு முன், கயிற்றைக் கட்டினோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். கடைக் கணக்கை வேதத்தோடு ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். முன்னோர்களின் முன்ஜாக்கிரதையைக் கற்றுக்கொள்வதே நம் நோக்கம். நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த சிறிது காலத்துக்குள் நடந்த யமாமா போரில், குர்ஆனை மனனம் செய்த ஸஹாபிகள் பலர் ஷஹீதானார்கள். உடனே ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கவலை கொண்டு கலீபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சொல்ல, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. மனத்தில் இருந்ததோடு நின்றுவிடாமல், எழுத்திலும் ஒன்று திரட்டப்பட்டது. பின்னர் ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டு, கூபா, பஸரா, ஷாம் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒரே வகையில் வைக்கக் கூடாது. ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பிரதியைச் சரிபார்க்காமல் விடக் கூடாது என்ற மூன்று பாடங்களும் இதில் இருக்கின்றன. இன்றைக்கும் தராவீஹ் தொழுகையில் ஒரு ஹாபிஸ் ஓதும்போது, பின்னால் மற்றொரு ஹாபிஸ் நின்று கவனித்துத் திருத்துவதைப் பார்க்கிறோம் அல்லவா?

கணக்கு அழிந்தால் நஷ்டம் யாருக்கு?

"என் கணக்கு போனால் எனக்குத்தானே நஷ்டம்" என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல.

நமக்கு வர வேண்டிய பாக்கி தெரியாமல் போனால் நஷ்டம் நம்மோடு போகும். நாம் கொடுக்க வேண்டிய பாக்கி தெரியாமல் போனால் அது பிறருடைய ஹக்கு. மொத்த வியாபாரியின் பில், பங்காளியின் லாபப் பங்கு, சிப்பந்திகளின் சம்பளப் பிடித்தம், ஒருவர் நம்பிக் கொடுத்து வைத்த முன்பணம் எல்லாம் அந்த இயந்திரத்துக்குள் அமானத்தாக இருக்கின்றன. வருஷ முடிவில் ஜகாத்து கணக்குப் பார்க்கும்போதும், சரக்கின் கிரயமும் வரவேண்டிய கடனும் தெரியாமல் எப்படிக் கணக்கிடுவது? குத்துமதிப்பாகக் கொடுத்தால் ஏழைகளின் பங்கு குறைந்துபோகலாம்.

வியாபாரி மவுத்தாகிவிட்டால், சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன் அவருடைய கடனை வாரிசுகள் அடைக்க வேண்டும். எவ்வளவு கடன், யாருக்குக் கடன் என்ற விவரம் கம்ப்யூட்டரோடு அழிந்திருந்தால், அந்தப் பாரம் கபுருக்குள் இருப்பவர் மீதல்லவா நிற்கும்? வஸிய்யத்துச் செய்ய வேண்டிய விஷயம் இருப்பவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கலாகாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

சர்க்கார் சட்டமும் இதையே கேட்கிறது. மலேசியாவின் 1967-ம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வந்தது; 2018 ஜூனில் அது பூஜ்யமாக்கப்பட்டு, செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பியது; 2024 ஆகஸ்ட் முதல் மின்-இன்வாய்ஸ் முறை படிப்படியாக வந்திருக்கிறது. ஒவ்வொரு மாறுதலும் நம் கம்ப்யூட்டருக்குள் ஓர் அடுக்குக் கணக்கைச் சேர்த்திருக்கிறது. அதிகாரி வந்து கேட்கும்போது, "விண்டோஸ் புதிதாகப் போட்டோம், அழிந்துவிட்டது" என்பது பதிலாகாது.

அழிவது எது, நிற்பது எது?

கம்ப்யூட்டரை ஒரு கடையாக நினைத்துக்கொள்ளுங்கள். கடையின் சுவரும் கூரையும் விளக்கும் விண்டோஸ். தராசும் கல்லாப் பெட்டியும் பில் போடும் புரோகிராம்கள். அலமாரியிலுள்ள சரக்கே உங்கள் கணக்குகள், கடிதங்கள், படங்கள். ஹார்ட் டிஸ்க் என்பது கடை நிற்கும் மனை. விண்டோஸைப் புதிதாகப் போடுவது, கடையை இடித்துக் கட்டுவது போன்றது. சரக்கை முதலில் வெளியே எடுத்து வைக்காமல் கூரையைப் பிரிக்கும் வியாபாரி உண்டா?

இதில் நம்மவர்கள் ஏமாந்துபோகும் இடங்கள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, "கோப்புகளை வைத்துக்கொண்டு புதுப்பிக்கலாம்" என்ற வழி. விண்டோஸில் அப்படி ஒரு வசதி இருப்பது உண்மைதான். ஆனால் அது காப்பாற்றுவது நம் சொந்தக் கோப்புகளை. வெளியிலிருந்து போட்ட புரோகிராம்களை நீக்கிவிடும். பில் போடும் புரோகிராம்கள் பல, தங்கள் கணக்கை நம் ‘டாக்குமெண்ட்ஸ்’ போல்டரில் வைப்பதில்லை. தங்களுக்கென்று தனி இடத்தில் வைக்கின்றன. ஆகவே கடிதங்கள் பத்திரமாக இருக்க, கணக்கு மட்டும் காணாமல் போகலாம்.

இரண்டாவது, "டி டிரைவில் ஒரு காப்பி இருக்கிறது" என்ற தைரியம். சி, டி என்று இரண்டு பெயர் தெரிந்தாலும், பெரும்பாலும் இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு அறைகள்தான். அழிக்கும்போது கை தவறினால் இரண்டும் போகும். டிஸ்க் பழுதானாலும் இரண்டும் போகும்.

மூன்றாவது, குறுக்குவழிச் சின்னம். திரையில் தெரியும் புரோகிராமின் சின்னத்தைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டுவிட்டு, கணக்கு முழுவதையும் எடுத்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சின்னம் கடைக்குப் போகும் வழியைக் காட்டும் பலகை மட்டுமே. பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தால் கடை கூட வராது. எடுத்த நகலின் அளவைப் பாருங்கள். பத்து வருடக் கணக்கு சில கிலோபைட்டில் அடங்கியிருந்தால் அது கணக்கல்ல, பலகை.

நான்காவது, இணையக் கிடங்கு. ஒன்டிரைவ், கூகிள் டிரைவ் போன்றவை நல்ல வசதிகள்தாம். ஆனால் அவை இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வைப்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்; குப்பைத் தொட்டியில் சில நாட்கள் மட்டுமே இருக்கும். ஆகவே அதை ஒரு நகலாக எண்ணலாம். ஒரே நகலாக எண்ணக் கூடாது.

மைக்ரோசாப்ட் போன்ற பெரிய கம்பெனியின் வேலையிலும் தவறு வரும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட விண்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்று, சிலருடைய கம்ப்யூட்டர்களில் சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது. சில நாட்களில் அதை நிறுத்திவைத்துத் திருத்தினார்கள். நகல் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு சிறு தொல்லை. வைக்காதவர்களுக்குப் பெரும் நஷ்டம்.

மூன்று நகல், இரண்டு வகை, ஓர் அயலிடம்

காப்பு நகல் எடுப்பவர்கள் உலகமெங்கும் ஒரு விதியைச் சொல்கிறார்கள். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தம் தொழிலில் உள்ளவர்களுக்காக எழுதிப் பிரபலமாக்கிய விதி அது. எந்த விவரமும் மொத்தம் 3 பிரதிகளாக இருக்க வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் 1 வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. கப்பல் வியாபாரக் காலத்தில் உண்டியலை இரண்டு அல்லது மூன்று பிரதிகளாக எழுதி, வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது வழக்கம். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்றில் போன உண்டியல் போய்ச் சேரும். ஒன்றுக்குப் பணம் கொடுத்துவிட்டால் மற்றவை செல்லாது. சரக்குக் கப்பல் ரசீதை மூன்று மூலப் பிரதிகளாகக் கொடுக்கும் வழக்கமும் அவ்வழி வந்ததே. க்ரோ சொல்வதும் இதைத்தான்.

"வேறோர் இடம்" என்பதற்கு மூவார்வாசிகளான நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆற்று முகத்தில் நிற்கும் ஊர் இது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தை மறந்திருக்க மாட்டோம். 2023 மார்ச்சிலும் மாநிலத்தின் பல வட்டாரங்கள் நீரில் நின்றன. கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே இருக்கிறது. நகல் எடுத்த டிஸ்க் அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது என்றால், தண்ணீர் இரண்டையும் ஒன்றாகத்தான் தொடும். ஒட்டி ஒட்டிக் கட்டிய கடைவரிசையில் தீப்பிடித்தாலும் அதே கதைதான். ஆகவே ஒரு நகல் வீட்டிலோ, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடமோ இருக்க வேண்டும்.

பெரிய அரசாங்கத்துக்கும் இது நேர்ந்தது. 2025 செப்டம்பர் 26-ம் தேதி, தென்கொரியாவின் தேஜான் நகரில் இருந்த அரசாங்கக் கம்ப்யூட்டர் நிலையத்தில், பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அரசாங்கத்தின் 600-க்கும் மேற்பட்ட சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த கிடங்கில் 858 டெராபைட் விவரங்கள் அழிந்தன. அளவு பெரிதாக இருந்ததால் அதற்கு வெளியிடத்தில் நகல் வைக்கப்படவில்லை. விஞ்ஞானத்தில் முன்னணியிலுள்ள ஒரு நாட்டுக்கே இப்படி நேர்ந்தது என்றால், ஒரு கடைக்காரர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

செய்ய வேண்டிய காரியங்கள், ஒழுங்காக

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். மாத முடிவு, பெருநாள் வியாபாரம், வரிக் கணக்கு அனுப்பும் நேரம் ஆகியவற்றில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். மாதக் கணக்கை முடித்த பின், இரண்டு நாள் இடைவெளி உள்ள சமயமே நல்லது.

2. பட்டியல் எழுதுங்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பில், சரக்கு, பாக்கிக் கணக்கு, சம்பளக் கணக்கு, ஈமெயில், டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் போல்டர்கள், லைசென்ஸ், கடை வாடகை ஒப்பந்தம் முதலியவற்றின் படங்கள், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், வரி இலாகாவுக்கு உபயோகிக்கும் எண்முறைச் சான்றிதழ், பில் பிரிண்டருக்கு வேண்டிய புரோகிராம், புரோகிராம்களின் லைசென்ஸ் எண்கள். இந்தக் கம்ப்யூட்டரில் அன்றாடம் உட்காரும் சிப்பந்தியையும் அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். முதலாளிக்குத் தெரியாத போல்டர் அவருக்குத் தெரிந்திருக்கும்.

3. தமிழ் எழுத்துருக்களை மறவாதீர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் தட்டெழுதிய தமிழ்க் கடிதங்கள், திருமண அழைப்புகள், சங்கத்து அறிக்கைகள் பலவற்றுக்கு அந்தந்தப் பழைய எழுத்துருவே வேண்டும். நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் ஆக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களில் எழுதிய பழைய கோப்புகள் பலரிடம் இன்னும் இருக்கின்றன. கோப்பை மட்டும் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால், திறக்கும்போது தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தாம் தெரியும். எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். முக்கியமான கடிதங்களைப் பி.டி.எப். ஆகவும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

4. கணக்குப் புரோகிராமின் நகலை அதன் வழியிலேயே எடுங்கள். பெரும்பாலான கணக்குப் புரோகிராம்களில் ‘பேக்கப்’ என்று ஒரு கட்டளை இருக்கும். எல்லோரும் புரோகிராமை விட்டு வெளியேறிய பின் அதைச் செய்ய வேண்டும். கணக்கு திறந்திருக்கும்போது அதன் போல்டரை வெறுமனே காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் நகல் வரலாம், பின்னர் திறக்காது. எந்தப் பதிப்புப் புரோகிராம் என்ற எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

5. முக்கியமானதைக் காகிதத்தில் அச்சடியுங்கள். வர வேண்டிய பாக்கிப் பட்டியல், கொடுக்க வேண்டிய பாக்கிப் பட்டியல், சரக்கு இருப்பு, ஐந்தொகை ஆகிய நான்கையும் அன்றைய தேதியோடு அச்சடித்துக் கையெழுத்திட்டு வையுங்கள். புதுப்பித்த பின் கணக்கு சரியாக வந்ததா என்று பார்க்க இதுவே உரைகல்.

6. வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். நகர்த்த வேண்டாம்; காப்பி செய்யுங்கள். நகர்த்தும்போது நடுவில் மின்சாரம் நின்றால் எது அங்கே, எது இங்கே என்று குழப்பமாகும். பென் டிரைவ் பழைய எப்.ஏ.டி.32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. கணக்கு நகல் அதைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். ஆகவே வெளி ஹார்ட் டிஸ்கே உசிதம். அதன் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள்.

7. இரண்டாவது நகலை வேறு வகையில் எடுங்கள். இணையக் கிடங்கிலோ, மற்றொரு டிஸ்கிலோ எடுத்து, ஒன்றைக் கடையை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளர்களின் பெயர், அடையாளக் கார்டு எண், டெலிபோன் எண் ஆகியவையும் அதில் இருக்கும். அவை பிறருடைய அமானத்து. 2010-ம் ஆண்டு சொந்த விவரப் பாதுகாப்புச் சட்டமும் அவற்றைக் காக்கச் சொல்கிறது. ஆகவே நகலுக்குப் பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டை நம்பிக்கையான ஒருவருக்குத் தெரியும்படி வையுங்கள்.

8. பூட்டுச் சாவி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பல புதிய கம்ப்யூட்டர்களில் பிட்லாக்கர் என்ற பூட்டு, நமக்குத் தெரியாமலேயே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். அதற்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. இயந்திரத்தின் அடிப்படை அமைப்பில் கை வைத்தால் அந்த எண்ணைக் கேட்கலாம். எண் இல்லாவிட்டால் டிஸ்க் நல்லபடி இருந்தும் உள்ளே போக முடியாது. பெட்டகம் இருக்கிறது, சாவி இல்லை என்ற கதைதான்.

9. நகலைத் திறந்து பாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வெளி டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரு கடிதத்தையும், ஒரு படத்தையும், கணக்கு நகலையும் திறந்து பாருங்கள். கணக்குப் புரோகிராம்காரரிடம் சொல்லி, அந்த நகலிலிருந்து கணக்கை ஒரு தடவை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31-ம் தேதி கிட்லாப் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் ஓர் ஊழியர் தவறுதலாக முக்கியக் கணக்குக் கிடங்கை அழித்துவிட்டார். காப்பு முறைகள் ஐந்து வைத்திருந்தும், அவசரத்தில் அவற்றில் ஒன்றும் சரியாக உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த பிரதியைக் கொண்டு ஓரளவு தப்பினார்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காமல் வாங்கிய பணக்கட்டு.

10. டிஸ்க்கைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். நகலுள்ள டிஸ்க் கம்ப்யூட்டரில் மாட்டியபடியே இருந்தால், தவறிப்போய் அதையே அழித்துவிட இடமுண்டு.

ஒரு சுலபமான யோசனை

பழைய இயந்திரத்தைப் புதுப்பிக்கும்போது, பலர் மெதுவான ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்கைப் போடுகிறார்கள். நம் யோசனை இது: செலவைப் பாராமல் புதிய டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் விண்டோஸைப் போடச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி, உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். பட்டியலில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால், பழைய டிஸ்க்கில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து ஒன்றும் தேவைப்படவில்லை என்று உறுதியான பின், விவரங்களை முற்றிலும் அழித்துவிட்டுத்தான் அதை வெளியே கொடுக்க வேண்டும். ஒரு புதிய டிஸ்கின் விலை, ஒரு நல்ல வாடிக்கையாளரின் ஒரு மாதப் பாக்கிக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

ரிப்பேர்க்காரரிடம் பேசும்போதும் வசனத்தின் போதனையைப் பின்பற்றலாம். என்ன செய்யப் போகிறார், எதை அழிக்கப் போகிறார், எதை அழிக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். இதனால் அவர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆகாது. பின்னால் மனஸ்தாபம் வராமல் இருவரையும் காப்பதற்கே அது.

முடிந்த பின்

புதிய விண்டோஸ் வந்து, புரோகிராம்கள் ஏறி, கணக்கும் மீட்கப்பட்ட பின், அச்சடித்த நான்கு பட்டியல்களையும் எடுத்து ஒப்பிடுங்கள். பாக்கித் தொகை ஒரு காசு வித்தியாசமில்லாமல் வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் புதிய பில் போடத் தொடங்காமல் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால், பழையவை ஒரு தனி போல்டரில் சுமார் 10 நாட்கள் மட்டுமே இருக்கும். பிறகு தானாக நீங்கிவிடும். ஆகவே சரிபார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏதாவது அழிந்துவிட்டதாகத் தெரிந்தால், முதல் காரியம் கம்ப்யூட்டரை நிறுத்துவது. அழிந்த கோப்பின் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை, ஹார்ட் டிஸ்கில் அதை மீட்க நிபுணர்களுக்கு வழியுண்டு. தேடித் தேடி உபயோகித்துக்கொண்டே இருந்தால் அந்த வழியும் அடைந்துபோகும். எஸ்.எஸ்.டி.யில் அழிந்தது பெரும்பாலும் திரும்பாது.

கடைசியாக ஒன்று. இந்த ஜாக்கிரதையெல்லாம் விண்டோஸ் போடும் நாளுக்கு மட்டும் உரியதல்ல. டிஸ்க் பழுதாவதற்கும், வெள்ளம் வருவதற்கும், திருட்டுப் புரோகிராம் கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதற்கும் தேதி குறிக்கப்படுவதில்லை. வாரத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவு கடை அடைக்கும்போது நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் வந்துவிட்டால், ஜும்ஆவுக்கு மனநிம்மதியோடு போகலாம். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்காவது அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று சொல்லி வையுங்கள்.

அங்கத்தினர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்: இன்றிரவு கடைக் கம்ப்யூட்டர் நின்றுபோனால், நாளைக் காலை யாரிடம் எவ்வளவு பாக்கி என்று நம்மால் சொல்ல முடியுமா? நம் நகல் கடைக்கு வெளியே இருக்கிறதா? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?

இம்மூன்றுக்கும் நல்ல பதில் உள்ளவர்கள், பதில் இல்லாத பக்கத்துக் கடைச் சகோதரருக்கு ஒரு மாலை நேரம் உதவி செய்யுங்கள். பிறருடைய ஹக்கைக் காக்க உதவுவதும் ஸதகாவே.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், கணக்கில் நேர்மையையும், அமானத்தைக் காக்கும் தௌபீக்கையும் நம் யாவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.